ஆற்றேன் அடியேன்: மன அழுத்தமும் வழிபாடும் – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் மன அழுத்தத்தைப் பற்றியே பேசுகின்றன. கடன், வேலை, நோய் என்று காரணங்கள் வேறுபட்டாலும், "நாள் தவறாமல் வழிபடுகிறேன், ஆனாலும் பாரம் குறையவில்லையே" என்ற ஏக்கம் எல்லாவற்றிலும் இருப்பதால், ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சேர்த்தே பதில் எழுதுகிறேன். அவரவர் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் வீட்டின் முன்பகுதியில் பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார். ஆர்டர் குறைந்ததிலிருந்து கூலி பாக்கி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது. தையல் இயந்திரங்களுக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணையும், மகளிர் குழுவில் எடுத்த பணத்துக்கு வாரத் தவணையும் கட்ட வேண்டியிருக்கிறது. காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தால் வாய் தேவாரம் சொல்கிறது, மனம் தவணைக் கணக்குப் போடுகிறது. இப்படிச் செய்யும் வழிபாட்டால் பயன் உண்டா? சாமி முன்னால் உட்கார்ந்துகொண்டு பணத்தை நினைப்பது பாவமில்லையா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பாவமில்லை, அம்மா. தவணைக் கணக்கை வழிபாட்டுக்கு வந்த இடையூறு என்று நினைத்து அதை விரட்டப் பார்க்கிறீர்கள், அது போகாததால் குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டு சுமையை இரட்டிப்பாக்குகிறது. அந்தக் கணக்கையே வழிபாட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். இது நானாகச் சொல்லும் யோசனை அன்று. நீங்கள் காலையில் ஓதும் தேவாரத்திலேயே இருக்கிறது.

திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்த கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். அடியார்களுக்கு உணவளிக்க இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாகக் கொடுத்து வந்தான். அப்பர் திருமடத்தில் நேரத்துக்கு உணவு ஆயிற்று, சம்பந்தர் திருமடத்திலோ தாமதமாயிற்று. விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைத்த காசு மாற்றுக் குறைந்தது என்று கடைக்காரர்கள் வட்டம், அதாவது மதிப்பில் ஒரு பங்கைக் கழிவாக, பிடித்துக்கொண்டே பண்டம் கொடுத்திருக்கிறார்கள். இதை அறிந்ததும் சம்பந்தர் என்ன செய்தார் தெரியுமா? "கொடுத்ததே பெரிது" என்று வாய்மூடி இருக்கவில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று, வட்டம் கழியாத நல்ல காசாகக் கொடுங்கள் என்று பதிகமே பாடினார். காசின் மதிப்புக் குறைவைப் பற்றிய அந்த முறையீடு முதல் திருமுறையில் இருக்கிறது. கோயில்களில் இன்றும் அதைப் பக்தியோடு பாடுகிறோம். சம்பந்தர் கடவுளிடம் காசுக் கணக்குப் பேசலாம், திருப்பூர்க்காரர் பேசக்கூடாது என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

அப்பர் என்று நாம் சொல்லும் நாவுக்கரசரின் முதல் பதிகத்தையும் பாருங்கள். திருவதிகை வீரட்டானத்தில் சூலை நோயால் துடித்துக்கொண்டு வந்து விழுந்தவர், துதியிலிருந்து தொடங்கவில்லை. "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று, எமனைப் போல் வந்து வருத்தும் இந்நோயை விலக்காமல் இருக்கிறீரே என்ற குறையிலிருந்துதான் தொடங்குகிறார். நோய் எங்கே, எப்படி வலிக்கிறது என்பதையும் விடவில்லை: "தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் அடியேன்" என்கிறார். வயிற்றுக்குள்ளே குடலைச் சுருட்டிப் பிடிக்கிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று மருத்துவரிடம் சொல்வதைப் போலவே இறைவனிடம் சொல்கிறார். நாலாம் திருமுறையின் தொடக்கமே இந்த முறையீடுதான்.

ஆகவே நாளைக் காலை விளக்கேற்றியதும் பதிகத்தைத் தொடங்குவதற்கு முன், மனத்துக்குள் சுழலும் கணக்கை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "குழுத் தவணைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, கையில் பாதிதான் இருக்கிறது, கம்பெனிக்காரர் போன வாரமும் சாக்குச் சொல்லிவிட்டார், இவரிடம் கேட்டால் எரிந்து விழுகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உங்கள் பேச்சுத் தமிழிலேயே, தொகையைக்கூட விடாமல் சொல்லுங்கள். மனத்துக்குள் ஓடும் கவலைக்கு முடிவே இல்லை; ஒரே தொகையை நூறு முறை கூட்டிக்கொண்டிருக்கும். வாய்விட்டுச் சொல்லும்போது அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிடுகிறது. எது உண்மையில் நெருக்கடி, எது பயம் பெரிதாக்கியது என்று நமக்கே தெரிய வருகிறது. அதன் பிறகு பதிகத்தைத் தொடங்கினால் மனம் முன்பு போல் இழுக்காது. இழுத்தாலும் குற்றமில்லை, மறுபடியும் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

சொல்லி முடித்தபின் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. அன்றைக்கே கணவரோடு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரவேண்டிய பாக்கியையும் கட்டவேண்டிய தவணையையும் எழுதுங்கள். தவணை தவறிய பிறகு போவதைவிட, தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்த வங்கிக்கு இருவருமாகப் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று கேட்பது நல்லது. ஒரு கடனை அடைக்கத் தெருவில் வரும் வட்டிக்காரரிடம் இன்னொரு கடன் வாங்கிவிடாதீர்கள். திருவீழிமிழலையில் அப்பருக்கு மட்டும் வட்டமில்லாத காசு ஏன் கிடைத்தது என்பதற்குச் சேக்கிழார் சொல்லும் காரணம், அவர் கையால் தொண்டு செய்தவர் என்பது. உழவாரப்படை பிடித்துக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய கை அது.

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் ஆட்குறைப்பு நடக்கும் என்ற பேச்சு வந்ததிலிருந்து இரவில் தூக்கமில்லை, அலைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. அம்மா "சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்கிறார். "அஞ்சுவது யாதொன்றும் இல்லை" என்று தினமும் படிக்கிறேன், ஆனால் அஞ்சிக்கொண்டேதான் படிக்கிறேன். எனக்கு நம்பிக்கை போதவில்லையா? – ஒரு வாசகர், பெருங்குடி, சென்னை

பதில்: தம்பி, அந்த வரியைப் பாடிய அப்பரே ஒருமுறை அஞ்சியிருக்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, உடனிருந்த அப்பர் தடுத்தார். சமணர்களிடம் தாம் பட்ட துன்பங்களை அவர் மறந்திருக்கவில்லை. நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்றார். சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் கிடந்து "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாடியவர், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியபோது "நற்றுணையாவது நமச்சிவாயவே" என்று பாடியவர், அன்புக்குரிய ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றதும் கலங்கினார். சம்பந்தர் அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. "வேயுறு தோளிபங்கன்" என்று தொடங்கும் கோளறு பதிகத்தைப் பாடி அவர் அச்சத்துக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அப்பருக்கு நம்பிக்கை போதவில்லை என்று சைவ உலகில் யாரும் சொன்னதில்லை.

படபடப்பு உடம்பில் எழுவது. ஆபத்து என்று மூளை எண்ணிய உடனே இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், தூக்கம் கெடும். நம்பிக்கை உள்ளவர் உடம்புக்கும் இதே வேலைதான். அதை நம்பிக்கையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா சொன்ன "பாரத்தைப் போடு" என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது கவலைப்படுகிறவரின் வாயை அடைக்கும் பேச்சாகவே அதிகம் பயன்படுகிறது. எந்தப் பாரத்தை, எவ்வளவு பாரத்தை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர் நாவுக்கரசர். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலுள்ள மேலக்கடம்பூர்க் கோயிலில் அவர் பாடிய திருக்குறுந்தொகைப் பதிகத்தில் இது வருகிறது: "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணி செய்து கிடப்பதே." பின்பாதியை மட்டும் அலுவலகச் சுவரிலும் ஓய்வுபெறும் விழா மடலிலும் அச்சிட்டுவிட்டு முன்பாதியை மறந்துவிட்டோம். என்னைத் தாங்குவது அவன் பொறுப்பு, பணி செய்வது என் பொறுப்பு என்று அவர் இரண்டு பத்தி பிரித்திருக்கிறார். நம் அழுத்தத்தில் பெரும்பகுதி, அவன் பத்தியில் இருப்பதையும் நாமே சுமக்க முயல்வதால் வருகிறது.

உங்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஆட்குறைப்புப் பட்டியலில் யார் பெயர் வரும், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை; விடிய விடிய விழித்திருந்தாலும் வராது. நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை, தற்குறிப்பைப் புதுப்பிப்பது, சில மாதச் செலவுக்கான சேமிப்பு, பழைய நண்பர்களிடம் வேலை வாய்ப்பு விசாரிப்பது ஆகியவை உங்கள் கடன். படுப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை இருபுறமாக எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் மறுநாள் செய்யப்போகும் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் படித்துக் காட்டி "இது உன் கடன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். அலைபேசி படுக்கை அறைக்கு வெளியே இருக்கட்டும். முதல் சில இரவுகளில் பலன் தெரியாமல் போகலாம். ஆனால் படபடப்பும் தூக்கமின்மையும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இப்படியே நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்; அதுவும் உங்கள் பத்தியில் வருவதுதான்.

கேள்வி: என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகிறது. வேண்டாத தெய்வமில்லை, போகாத தலமில்லை. இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலடி நடக்கிறாள், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் பிரதோஷம் தவறாதவன் நான். இப்போதெல்லாம் சன்னிதியில் நின்றால் கோபம்தான் வருகிறது. கோபத்தோடு கும்பிடுவதைவிடக் கும்பிடாமல் இருப்பது மேல் என்று தோன்றுகிறது. – ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: கும்பிடாமல் இருக்க வேண்டாம் ஐயா, கோபத்தோடேயே போங்கள். தங்களுக்குத் தெரியாத சுந்தரர் அல்லர். இரு கண்ணும் இழந்து வழி தடுமாறி நடந்த அவர், திருவெண்பாக்கத்தில் "கோயிலுளாயே" என்று கேட்டார். உள்ளே இருக்கிறாயா என்று கேட்கும் அளவுக்கு அவருக்கு மனம் நொந்திருந்தது. "உளோம் போகீர்" என்று விடை வந்தது. கண் கேட்டவருக்கு அங்கே கிடைத்தது கண் அன்று, ஓர் ஊன்றுகோல். அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. இடம் மாற்றிக் கட்டிய கோயிலில் இறைவன் இன்றும் ஊன்றீசுவரர் என்றே பெயர் பெற்றிருக்கிறார். கோலைப் பிடித்துக்கொண்டே சுந்தரர் காஞ்சிபுரம் வரை நடந்தார். ஏகம்பத்தில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது.

அந்தத் திருவாரூரில் அவர் பாடியது தங்களுக்காகவே பாடியது போல் இருக்கிறது: "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி" நிற்கும் அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால், நீர் சும்மா இருப்பீர், "வாழ்ந்து போதீரே", நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். வெளியே சுடர் விடாமல் உள்ளேயே கனலும் தீ என்பதைவிட மன அழுத்தத்தை யாரும் சரியாகச் சொல்லி நான் படித்ததில்லை. இவ்வளவு கடுமையாகப் பேசியும் அவர் தோழமை முறியவில்லை. ஏனென்றால் அவர் திட்டியது சன்னிதிக்கு முன்னால் நின்றுகொண்டு.

சுந்தரர் கண்ணிழந்ததற்குச் சபதம் மீறியது காரணமாகச் சொல்லப்படுகிறது என்பதால், தங்கள் மனைவியின் நோய்க்கும் ஏதோ பிழை காரணம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பக்கவாதத்துக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இரத்தக் குழாய் அடைப்பும் காரணம். தங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். நாலடி நடப்பதை "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள், படுக்கையிலிருந்து அந்த நாலடிக்கு வர அம்மையார் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அவர் சொல்வார். வாரத்தில் ஒரு பொழுதாவது உறவினர் யாரையேனும் அம்மையாருக்குத் துணையாக வைத்துவிட்டுத் தாங்கள் தனியாக வெளியே போய் வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் களைத்துப் போவதை நம் குடும்பங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேள்வி: மன நல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிட்டு வருகிறேன், முன்னைவிட எவ்வளவோ தேவலை. என் மாமியாரும் நாத்தனாரும் "மாத்திரையை நிறுத்து, ஒரு மண்டலம் கோயிலைச் சுற்று, தானாகச் சரியாகும்" என்று வற்புறுத்துகிறார்கள். மாத்திரை சாப்பிடுவது கடவுளை நம்பாததற்கு அடையாளமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள். இத்தகைய மருந்துகளைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் போன்ற தொல்லைகளும் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கோயிலையும் சுற்றுங்கள், இரண்டுக்கும் பகையில்லை. இறைவனையே வைத்தியநாதன் என்று கும்பிடும் வைத்தீசுவரன் கோயில் நம் நாட்டில்தானே இருக்கிறது?

நாவுக்கரசர் கதையை மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சூலை நோய் தாங்காதபோது அவர் நேராகக் கோயிலுக்குள் ஓடவில்லை. முதலில் தம் அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். பிறகு இரவோடு இரவாக அவரிடமே போய்க் காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து உடன் அழைத்துப் போன பிறகுதான் பதிகம் பிறந்தது. அந்த அக்காவும் தாய், தந்தை, மணம் பேசிய கலிப்பகையார் ஆகிய மூவரையும் அடுத்தடுத்து இழந்து உயிரை விடத் துணிந்து, தம்பி இருக்க வேண்டுமே என்று உயிர் தாங்கியவர். உதவியை மனிதரிடம் கேட்பது இறை நம்பிக்கைக்கு எதிரானது என்றால் பெரிய புராணத்தின் இந்தப் பகுதியையே எடுத்துவிட வேண்டியிருக்கும்.

இதைப் படிப்பவர்களில் எவருக்கேனும் உயிர் வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் வருமானால், பூசை முடியட்டும், விரதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். மைய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: மன அமைதிக்கு எந்தப் பதிகத்தை, எத்தனை முறை, எத்தனை நாள் ஓத வேண்டும்? ஒருநாள் விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? இந்தப் பதிகத்தை 21 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். 21 பேருக்கு அனுப்பாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தோடு இன்னொன்றாகச் சேர்வதுதான் மிச்சம். நாள் கணக்கும் அப்படியே. மண்டலக் கணக்கு ஓர் ஒழுங்குக்காக ஏற்பட்டது. ஒருநாள் விட்டுப் போனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், தண்டனை ஏதும் இல்லை.

எந்தப் பதிகம் என்றால், உங்கள் நிலைக்கு எது வாய் பொருந்துகிறதோ அது. உடம்பு நோய்க்குக் "கூற்றாயினவாறு", அச்சத்துக்குச் "சொற்றுணை வேதியன்" என்று பலர் ஓதுகிறார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு பொருள் தெரிந்து, வாய்விட்டு, நிதானமாகப் பாடுங்கள். மனத்துக்குள் வேகமாக உருட்டுவதில் கிடைக்காத ஒன்று வாய்விட்டுப் பாடுவதில் கிடைக்கிறது. ஓர் அடியை இழுத்துப் பாட வேண்டுமானால் மூச்சை நீளமாக, சீராக வெளியே விட்டாக வேண்டும். அப்படி மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்புத் தணியும் என்பது மருத்துவர்களும் ஒப்புக்கொள்ளும் செய்தி. பத்துப் பாட்டையும் முடிக்க நேரமில்லாத நாளில் ஒரே பாட்டைப் பேருந்தில் நின்றபடி முணுமுணுத்தாலும் போதும்.

இசை தெரியாது என்று தயங்க வேண்டாம். "கூற்றாயினவாறு" கொல்லிப் பண்ணில் அமைந்தது, இன்று ஓதுவார்கள் அதை நவரோசு இராகத்தில் பாடுகிறார்கள். திருச்சியில் இருக்கும் உங்களுக்குத் திருவானைக்காவும் தாயுமானவர் மலையும் பக்கம்தான். கால பூசையின்போது ஓதுவார் பாடுகிற நேரத்தைத் தெரிந்துகொண்டு போய், கூட்டம் கலைந்தபின் முதல் பாட்டை மட்டும் சொல்லித் தரும்படி கேளுங்கள். பண் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்ட இக்காலத்தில், கேட்பவரைத் திருப்பி அனுப்பும் ஓதுவாரை நான் இதுவரை பார்த்ததில்லை.